மருதநாயகம் யார்? கம்பெனிக்காகப் போரிட்டு மதுரையை ஆண்டவரை கம்பெனியே வேட்டையாடியது ஏன்?

1997 அக்டோபர் 16. சென்னை எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில் ஒரு படத்தின் தொடக்க விழா. வந்திருந்த சிறப்பு விருந்தினர் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். படம், கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’.

அந்தப் படம் இன்று வரை முழுசா திரைக்கு வரவில்லை. அது வேற கதை. ஆனா அந்த விழாவில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. படத்தின் நாயகன், ராணியின் நாட்டுக் கம்பெனியை எதிர்த்து நின்றதற்காக 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கில் தொங்கவிடப்பட்டவர். அவருடைய 233-வது நினைவு நாளுக்கு மறுநாள்தான் பட விழா நடந்தது.

மதுரைக்காரர்களுக்கு இவர் ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் இருந்து ஏ.வி. பாலம் வழியா வைகையைத் தாண்டினால், இவர் ஆண்ட பழைய கோட்டைப் பகுதி வந்துவிடும். அதையும் தாண்டி மேற்கே காளவாசல் போனால், தேனி சாலையோரம் சம்மட்டிபுரத்தில் இவருடைய சமாதி. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

யார் இந்த மருதநாயகம்? சாதாரண சிப்பாயாகத் தொடங்கியவர் மதுரைக்கும் நெல்லைக்கும் அதிபதி ஆனது எப்படி? அவரைத் தூக்கிவிட்ட கைகளே தூக்கில் போட்டது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பனையூரில் பிறந்த பையன்

பிறந்தது 1725 வாக்கில், ராமநாதபுரம் சீமையின் பனையூரில். வேளாளர் குடும்பம், இயற்பெயர் மருதநாயகம் பிள்ளை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். கம்பெனி ஆவணங்களில் இருப்பது இந்தப் பெயர்தான். மக்கள் வாயில் கான் சாகிப். அது இன்னும் சுருங்கி ‘கான்சா’.

பாண்டிச்சேரி, தஞ்சாவூர், நெல்லூர் என்று பல ஊர்களில் பல பேரிடம் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்களிடம் பழகியதில் அவர்களுடைய மொழியும் வந்தது, போர்முறையும் பிடிபட்டது. பின்னாளில் அவர் உயரக் காரணமாக இருந்த முதலீடு இதுதான்.

அப்போ தென்னாடு இருந்த நிலைமையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் சந்தா சாகிப், அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். இன்னொருவர் முகமது அலி, அவருக்குப் பின்னால் ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனி. பேருக்கு நவாப் சண்டை, உள்ளே நடந்தது இரண்டு வியாபாரக் கம்பெனிகளின் சண்டை.

1752 வாக்கில் யூசுப் கான் தன் ஆட்களோடு ராபர்ட் கிளைவின் பக்கம் சேர்ந்தார்.

திருச்சியில் கிடைத்த பெயர்

திறமையைக் காட்ட கிடைத்த களம் திருச்சி. 1752 முதல் 1754 வரை அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் மொத்தப் போரும் நடந்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு போகணும். வெளியே பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் நிற்கிறார்கள். எதிரி கண்ணில் மண்ணைத் தூவி, அரிசி வண்டிகளையும் மாடுகளையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டு போய்ச் சேர்க்கும் வேலை யூசுப் கானிடம் வந்தது. ஊர்ப் பாதை தெரிந்தவர், உளவுக்கு ஆள் வைத்திருந்தவர், தூக்கம் பார்க்காதவர். ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் இவரை வெளிப்படையாகப் பாராட்டினார்.

வளர்ச்சி வந்தால் பொறாமை வராமல் இருக்குமா? லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர், யூசுப் கான் மைசூர்க்காரர்களோடு ரகசியமாகக் கைகோத்துவிட்டார் என்று நம்ப வைக்கப் பொய்க் கடிதம் ஒன்றைத் தயார் செய்தார். கடிதம் பிடிபட்டதும் சந்தேகம் யூசுப் கான் மேல் விழுந்தது. விசாரித்தபோது சதி வெளியே வந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

அன்றைக்கு யூசுப் கான் தப்பினார். ஆனா ஒரு கடிதம் போதும், கம்பெனியின் சந்தேகம் தன் மேல் திரும்ப என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

போருக்குப் பிறகு கம்பெனியின் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் அவர் தளபதி ஆனார். தங்கப் பதக்கமும் தந்தார்கள். வெள்ளை அதிகாரிகள் நிறைந்த ஒரு படையில் ஒரு தமிழ் மண்ணின் ஆள் எட்டக்கூடிய உச்சம் அது.

மதுரைக்கு வந்தது எப்படி?

மதுரை நாயக்கர் ஆட்சி 1736-க்குப் பிறகு முடிந்துபோனது. அதுக்கப்புறம் வந்தவர்கள் எல்லாம் வரி வாங்க வந்தவர்களே தவிர, ஊரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் இல்லை. தெற்கே பாளையக்காரர்கள் யாருக்கும் கப்பம் கட்டவில்லை. நவாப் முகமது அலிக்கோ போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. அந்தக் கடனை அடைக்க அவர் நம்பிய இடங்களில் ஒன்று மதுரை, நெல்லை வரி.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை வந்தது. யூசுப் கானும் அதில் இருந்தார். அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. ஹெரான் ராணுவ விசாரணையில் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு அதே வேலைக்கு யூசுப் கானை அனுப்பினார்கள்.

இடையில் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். யூசுப் கானைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படையின் சாப்பாட்டு வழியை அறுத்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஆண்டே மதுரை, நெல்லைச் சீமைகள் யூசுப் கானிடம் குத்தகையாக வந்தன. தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

இந்தக் குத்தகை எப்படி வேலை செய்தது தெரியுமா? பேசிய தொகையை மேலே கட்டிவிட வேண்டும். வரி வசூலிப்பது, படைக்குச் சம்பளம் கொடுப்பது, கலகத்தை அடக்குவது எல்லாம் குத்தகைக்காரர் பொறுப்பு. படை இல்லாமல் வரி வராது. படை பெருத்தால் மேலே இருப்பவருக்குத் தூக்கம் வராது. யூசுப் கான் கடைசியில் மாட்டிக்கொண்ட முடிச்சு இதுதான்.

கோயில் நிலம், கண்மாய், வியாபாரம்

பொறுப்புக்கு வந்ததும் அவர் செய்த வேலைகளில் மக்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பது மீனாட்சி அம்மன் கோயில் விஷயம். முந்தைய குழப்பத்தில் பறிபோன கோயில் நிலங்களைத் திரும்பக் கொடுத்தார். நின்றுபோன பூஜைகளுக்கு வழி செய்தார். மதம் மாறியவர், அதுவும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைத் திருமணம் செய்தவர், மீனாட்சி கோயிலுக்கு நிலம் மீட்டுக் கொடுத்தார் என்பது அன்றைய மதுரையில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை போல. நல்ல ஆட்சிக்கு ஊர் வைத்திருந்த அளவுகோலில் அதுவும் ஒன்று.

கண்மாய்களும் வாய்க்கால்களும் சரி செய்யப்பட்டன. வழிப்பறி குறைந்தது. வியாபாரிகள் பயமில்லாமல் சரக்கு கொண்டு போனார்கள். நெசவுத் தொழிலுக்கு ஊக்கம் கிடைத்தது. தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர்கள் ஆழ்வார்திருநகரி வரை உள்ளே வந்தபோது அவர்களைக் கரைக்கே விரட்டினார்.

மனைவி மாசா, போர்ச்சுகீசிய வம்சாவளிப் பெண். இருவருக்கும் ஒரு மகன் பிறந்தான். பனையூரில் இருந்து ஓடிப்போன பையனுக்கு இப்போ மதுரையில் கோட்டை, குடும்பம், பட்டாளம் எல்லாம் இருந்தது.

புலித்தேவன்: மறைக்கக் கூடாத பக்கம்

இந்தக் கதையில் கசப்பான பகுதி ஒன்று இருக்கு. அதைச் சொல்லாமல் போனால் அது முழுக்கதை ஆகாது.

நெல்லைச் சீமையில் கம்பெனிக்கும் நவாப்புக்கும் கப்பம் கட்ட மறுத்து நின்றவர் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவன். அவரை ஒடுக்கியது யூசுப் கான்தான். பல சுற்றுச் சண்டைகளுக்குப் பிறகு 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகள் விழுந்தன. புலித்தேவன் ஊரை விட்டுப் போனார்.

கம்பெனி எதிர்ப்பின் முன்னோடி என்று தமிழ்நாடு இன்றைக்குக் கொண்டாடும் புலித்தேவனை வீழ்த்தியவரும் யூசுப் கான். கம்பெனியை எதிர்த்துத் தூக்கு மேடை ஏறியவரும் யூசுப் கான். இதனால்தான் விடுதலைப் போராட்ட வீரர்கள் பட்டியலில் இவர் பெயரைச் சேர்க்கும்போதெல்லாம் ஒரு விவாதம் கிளம்புகிறது. தெற்கே இவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களுக்கும் காரணம் இருக்கு.

நவாப்புடன் முட்டியது எங்கே?

நெல்லை அடங்கியதும் வரி ஒழுங்காக வர ஆரம்பித்தது. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

1761-லும் மறுபடி 1762-லும் யூசுப் கான் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தருகிறேன், இன்னும் 4 ஆண்டுகளுக்குக் குத்தகையை நீட்டித்துத் தாருங்கள் என்பது கோரிக்கை. 5 லட்சம் வந்த இடத்தில் 7 லட்சம். கணக்குப்படி பார்த்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மறுத்துவிட்டார்கள்.

நவாப் பார்வையில் இருந்து யோசித்தால் காரணம் புரியும். மக்கள் ஆதரவும், பயிற்சி பெற்ற படையும், கையில் பணமும் உள்ள ஒருவர் மதுரையில் இன்னும் 4 ஆண்டு உட்கார்ந்தால், ஐந்தாவது ஆண்டில் அவரை எழுப்ப முடியுமா? வரி இனிமேல் தன் வழியாகத்தான் போக வேண்டும், யூசுப் கான் தன் வேலைக்காரர்தான் என்று நவாப் பிடிவாதம் பிடித்தார். பட்டாளத்தில் தான் சம்பாதித்த இடத்தை நவாப்பின் காலடியில் வைக்க யூசுப் கானுக்கு மனசில்லை.

கம்பெனி யார் பக்கம்? பத்து ஆண்டாக உயிரைக் கொடுத்து உழைத்தவர் ஒரு பக்கம். கடன்கார நவாப் மறுபக்கம். ஆனா கம்பெனி இந்த மண்ணில் நிற்பதற்குச் சட்டப்படி இருந்த ஒரே காரணமே, நவாப்புக்கு உதவுகிறோம் என்பதுதான். நவாப்பை விட்டுக்கொடுத்தால் தன் காலுக்குக் கீழே இருக்கும் பலகையைத் தானே உருவுவது மாதிரி. கம்பெனி நவாப்பைத் தேர்ந்தெடுத்தது.

தப்பான நேரத்தில் ஏறிய கொடி

சென்னைக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு போனது. யூசுப் கான் போகவில்லை. போயிருந்தால் திரும்பியிருக்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கலாம். 1763-ல் தன்னை மதுரையின் சுதந்திர ஆட்சியாளராக அறிவித்தார். கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரி தலைமையில் ஐரோப்பியச் சிப்பாய்களும் அவரிடம் இருந்தார்கள்.

ஆனா நேரம்தான் ரொம்பத் தப்பு. 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்தது. 1763 பிப்ரவரி 10-ல் பாரிஸ் நகரில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதான ஒப்பந்தம் போட்டன. அதன் 11-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? முகமது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரான்ஸும் ஒப்புக்கொண்டது.

மதுரையில் ஒரு மனிதர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்று நவாப்பை எதிர்க்கிறார். அந்தப் பிரான்ஸோ அதே நவாப்பை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. கடல் கடந்து ஒரு கப்பலும் வரப் போவதில்லை.

ஒரு வருஷம் தாங்கிய மதுரைக் கோட்டை

1763 இறுதியில் கர்னல் மான்சன் தலைமையில் முதல் முற்றுகை. கோட்டையைப் பலப்படுத்தி வைத்திருந்தார் யூசுப் கான். அவருக்குத் தெரியாத கம்பெனித் தந்திரம் எது? அவரே அந்தப் படையில் வளர்ந்தவர்தானே. பெருமழையும் சேர்ந்துகொள்ள, நவம்பரில் கம்பெனிப் படை பின்வாங்கியது.

அடுத்த ஆண்டு மேஜர் கேம்பல் தலைமையில் மறுபடி வந்தார்கள். 1764 ஜூன் 26-ல் மதிலை உடைத்து உள்ளே புகும் பெரிய தாக்குதல். அதையும் முறியடித்தார்கள். அந்தத் தாக்குதலில் படுகாயம் அடைந்த மேஜர் பிரெஸ்டன் பிறகு இறந்தார்.

நேராக மோதினால் விழாது என்று தெரிந்ததும் வழியை மாற்றினார்கள். கோட்டைக்குள் போகும் எல்லாப் பாதைகளையும் அடைத்தார்கள். திருச்சியில் அரிசி வண்டி கொண்டு போய்ப் பெயர் வாங்கியவரின் கோட்டைக்குள் இப்போ அரிசி வரவில்லை. வாரங்கள் மாதங்களாக, உள்ளே பசி முற்றியது. சரணடையலாம் என்ற பேச்சு எழுந்தது. மார்ஷானுக்கும் யூசுப் கானுக்கும் மோதல் வந்தது.

1764 அக்டோபர் 13. தொழுகையில் இருந்த யூசுப் கானைப் பிடித்துக் கட்டினார்கள். கட்டியது எதிரி இல்லை. மார்ஷானும், திவான் சீனிவாச ராவும், மருத்துவர் பாபா சாகிப்பும் அந்தச் சதியில் இருந்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. மனைவியும் குழந்தையும் கோட்டைக்குள்தான் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15 மாலை, சம்மட்டிபுரம் முகாமுக்கு அருகே நவாப்பின் ஆணைப்படி தூக்கு. வயது 40-ஐத் தொட்டிருக்கும்.

கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்பது ஊர்ப் பேச்சு. செத்த பிறகும் பயம் போகாமல், தலையையும் கைகால்களையும் வெட்டி வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, உடலை மட்டும் சம்மட்டிபுரத்தில் புதைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அதே போர், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சிப்பாய்

திருச்சியில் யூசுப் கான் பெயர் வாங்கிய அதே 1754-ல், அமெரிக்காவில் 22 வயது இளைஞர் ஒருவர் பிரிட்டிஷ் கொடியின் கீழ் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டுத் தோற்றார். அவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

அவரும் பிரிட்டிஷ்காரர்களிடம்தான் போர் கற்றார். அவர்களுடைய அரசப் படையில் நிரந்தர அதிகாரி பதவி கேட்டார். குடியேற்ற நாட்டு ஆளுக்கு அது கிடைக்கவில்லை. மனம் கசந்து வெளியேறினார். 1775-ல் அதே பிரிட்டனை எதிர்த்த படைக்குத் தலைமைத் தளபதி ஆனார். 1778-ல் பிரான்ஸ் அவர்கள் பக்கம் சேர்ந்தது. 1781-ல் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கடற்படை வழியை அடைக்க, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். வாஷிங்டன் 1789-ல் நாட்டின் முதல் ஜனாதிபதி.

இருவரும் எல்லா வகையிலும் ஒன்று என்று சொல்ல முடியாது. வாஷிங்டனுக்குப் பின்னால் 13 குடியேற்றங்களும் ஒரு மக்கள் மன்றமும் இருந்தன. யூசுப் கான் தனி ஆள். புலித்தேவன் மாதிரியானவர்கள் அவர் பக்கம் நின்றிருக்கலாம். ஆனால் அவர்களை அடக்கியதே அவர்தான். உதவிக்குக் கை நீட்டும் நேரம் வந்தபோது, பிடிக்க வேண்டிய கைகளை ஏற்கெனவே அவரே வெட்டியிருந்தார்.

அப்புறம் என்ன நடந்தது?

தூக்கில் போடச் சொன்ன நவாப் முகமது அலி கடனில் இருந்து கடைசி வரை மீளவில்லை. அவருடைய கடன் விவகாரம் 1785-ல் லண்டன் நாடாளுமன்றம் வரை நாறியது. 1795-ல் அவர் இறந்தார். 1801-ல் கர்நாடகம் முழுக்க கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போனது. நவாப்புக்கு மிஞ்சியது பட்டமும் உதவித்தொகையும்தான். அதற்கு முன்பே, 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். இந்தத் தூக்குகளும் அக்டோபர் மாதத்தில்தான்.

1914-ல் எஸ்.சி. ஹில் என்ற ஆங்கிலேயர் யூசுப் கான் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பிலேயே அவரைக் கலகக்காரத் தளபதி என்றார். தமிழில் ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடல் மக்கள் வாய்வழியாக வந்தது. அதை ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்தார்.

முக்கிய ஆண்டுகள்

• 1725 வாக்கில்: பனையூரில் பிறப்பு
• 1752: கிளைவின் படையில் சேர்தல்
• 1759: மதுரை, நெல்லைக் குத்தகை
• 1761: நெற்கட்டும்செவல் வீழ்ச்சி
• 1763: சுதந்திர ஆட்சி அறிவிப்பு, முதல் முற்றுகை
• 1764 அக்டோபர் 15: தூக்கு
• 1808: சமாதி மேல் பள்ளிவாசல்

மதுரையில் இன்றும் எங்கே பார்க்கலாம்?

அவர் காத்த கோட்டை மதிலை இப்போ தேட வேண்டாம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து, அகழியை மூடித் தெருக்கள் ஆக்கிவிட்டார்கள். நாம் பஸ் ஏறி இறங்கும் வெளி வீதிகள் அந்த மதில் ஓரம் உருவானவைதான். கான்சா மேட்டுத் தெரு என்ற பெயர் மட்டும் ஊருக்குள் மிச்சம் இருக்கு.

சம்மட்டிபுரத்தில் 1808-ல் சமாதி மேல் ஒரு சின்ன பள்ளிவாசல் கட்டினார்கள். கான் சாகிப் பள்ளிவாசல் என்று பெயர். அடுத்த முறை கோரிப்பாளையத்தில் இருந்து காளவாசல் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்க. பிரமாண்டமான மணிமண்டபம் எதுவும் இருக்காது. கம்பெனியையும் நவாப்பையும் ஒரு வருஷம் மதுரைக்கு வெளியே நிறுத்தி வைத்த மனிதர் அங்கேதான் இருக்கிறார்.